மறந்துட்டு வாங்க

இங்கன உக்காருங்கம்மா, நல்லா தள்ளி உக்காருங்க, பைய நான் மடியில வச்சிக்கிடுதேன். திருநெல்வேலிக்கா? நாங்களும் அங்கதான். நாங்கன்னா, நானும் எங்க வீட்டு சாரும். அந்தா முன்னால, டிரைவருக்குப் பின்னால, வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு கம்பியில தலைய முட்டி முட்டித் தூங்குதாகள்லா, அவுகதான். பேரு கோமதிநாயகம். என் பேரு மங்கையர்க்கரசி. ரெண்டையும் மனசுல போட்டுக்கிடுங்க, பொறவு கேப்பேன். சிரிக்காதீங்க, நெசமாவே கேப்பேன். டீச்சர் பக்கத்துல உக்காந்துட்டீங்க, சங்கரன்கோவில்ல ஏறினவுக இனி எங்கயும் தப்பிக்க முடியாது.

ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பாடம். சமூக அறிவியல். அவுகளுக்கு பத்தாம் வகுப்பு ஏ, எனக்கு பி. நடுவுல ஒரு செவரு. அந்தப் பக்கம் எங்க வீட்டு சார் பாடம் எடுத்தா இந்தப் பக்கம் என் போர்டு அதிரும் பாத்துக்கிடுங்க. அவுக முறை கோரஸ். ஒரு வரி அவுக சொல்லுவாக, வகுப்பே திருப்பிச் சொல்லணும். "முதல் உலகப் போருக்கான காரணங்களாவன!" "காரணங்களாவன!" பிள்ளைக முன்னால பின்னால ஆடிக்கிட்டே சொல்லும். எல்லாருக்கும் அவுக கோரஸ் சார்தான், கோமதிநாயகம்னு கேட்டா ஊர்ல பாதிப் பேருக்குத் தெரியாது. பள்ளிக்கூட வாசலுக்கு எதுக்க டீக்கடை வச்சிருக்க சண்முகையா, அவரு பள்ளிக்கூடத்துல மழைக்கு ஒதுங்கினதோட சரி. அவரு டீ ஆத்திக்கிட்டே காரணங்கள வரிசையா சொல்லுவாரு. சொல்லிட்டு, "சார், போரு எப்ப முடியுது? எனக்கு அடுப்புச் சத்தத்துல கேக்கல"ம்பாரு.

ஆனா பாருங்க, அந்தப் பிள்ளைககிட்ட நடுவுல ஒரு கேள்வி கேட்டுட்டோம்னு வைங்க, அம்புட்டுதான். முதல் வரியிலேருந்து ஓடி வந்தாத்தான் அந்த இடத்துக்கு வந்து சேரும். ரெண்டாம் உலகப் போரு எப்ப தொடங்குச்சுன்னு கேட்டா முதல் போர தொடங்கி முடிச்சுட்டுத்தான் பதில் வரும். நான் இத வச்சு அவுகள எத்தன வருசமா கேலி பண்ணியிருக்கேன்! அவுக ஒண்ணும் சொல்ல மாட்டாக. வகுப்புல அம்புட்டு சத்தம் போடுத மனுசன் வீட்டுல வாயத் திறக்கணும்னா நல்ல நாள் பாக்கணும்.

சரி, கதைக்கு வாரேன். போன கோடை லீவுல மதுரையில ஒரு பயிற்சி. பயிற்சின்னா என்ன, வடையத் தின்னுட்டு பின் வரிசையில கண்ண மூடலாம்னுதான் எல்லாரும் போவோம். நானும் அப்படித்தான் போனேன். மேடையில ஒரு சின்னப் பொண்ணு, எம்புட்டு வயசிருக்கும், எங்க பத்தாம் வகுப்புல விட்டா தெரியாது. அது மைக்க பிடிச்சு, "முந்தாநாள் மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"ன்னுச்சு. மண்டபமே முழிக்குது. எனக்கு அவியலா கூட்டான்னு குழப்பம். யோசிச்சு யோசிச்சு, திடீர்னு பளிச்சுன்னு வந்துருச்சு, பூசணிக்காக் கூட்டு! "பூசணிக்கா!"ன்னு கத்திப்புட்டேன். அந்தப் பொண்ணு என்னயப் பாத்து, "அம்மா, இப்ப யோசிச்சீங்கல்ல, அதுதாம்மா படிப்பு. புஸ்தகத்தத் திருப்பித் திருப்பி வாசிக்கறது இல்ல. மூளைக்குள்ள கிடக்கிறத வெளிய இழுக்கறதுதான் படிப்பு"ன்னுச்சு.

ஆத்தாடி! எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சு போச்சும்மா. இம்புட்டு வருசமா உள்ள தள்ளு, உள்ள தள்ளுன்னுல்லா இருந்திருக்கோம்! அந்தப் பொண்ணு இன்னொண்ணும் சொல்லிச்சு. சொல்லிக்குடுத்த உடனே கேக்கக் கூடாதாம். கொஞ்சம் மறக்க விடணுமாம். பாதி மறந்த பொறவு கஷ்டப்பட்டு இழுத்தாத்தான் கெட்டியா ஒட்டுமாம். பொறவு எல்லாத்தயும் கலந்து கேக்கணுமாம், ஒரு கேள்வி வரலாறு, அடுத்தது புவியியல்னு. வரிசையா போகக் கூடாது. முக்கியமா, பிள்ள முழிக்கும்போது நாம விடையச் சொல்லிறக் கூடாது. நமக்கு நாக்கு துறுதுறுங்கும், கடிச்சுக்கிட்டு நிக்கணும்.

என் பேரு என்ன சொன்னேன்? சொல்லுங்கம்மா. யோசிங்க, நான் சொல்ல மாட்டேன். மங்... ஆங்! பாத்தீகளா, வந்துருச்சுல்லா! இனி சாகுற வரைக்கும் மறக்க மாட்டீக. அதுதான் விஞ்ஞானம்.

முதல்ல வீட்டுல சோதிச்சுப் பாத்தேன். அவுக வந்து, "கண்ணாடிய எங்க வச்சேன்?"ன்னாக. எனக்குத் தெரியும், அவுக தலையிலதான் இருக்கு. சொல்லலயே! "யோசிங்க"ன்னுட்டேன். அவுக யோசிச்சுக்கிட்டே பள்ளிக்கூடத்துக்கு வந்து, யோசிச்சுக்கிட்டே ஆஜர் எடுத்து, பிள்ளைக எல்லாம் சிரிக்கவும்தான் கைய தலைக்குக் கொண்டு போயிருக்காக. இனி மறப்பாகளா?

பள்ளிக்கூடம் திறந்த உடனே பத்தாம் வகுப்பு பி-யில இறங்கிட்டேன். முதல் நாள் பாடத்த முடிச்சேன். இசக்கிதுரைன்னு ஒரு பய, கடைசி பெஞ்சு, நல்ல பய, ஆனா படிப்புன்னா அவனுக்கும் நமக்கும் சம்பந்தமில்லம்பான். அவன் கேக்கான், "டீச்சர், வீட்டுப்பாடம் என்ன?" நான் சொன்னேன், "மறந்துட்டு வாங்க."

வகுப்புல ஒரு ஆரவாரம் பாருங்க, தேர் நிலைக்கு வந்த மாதிரி! மறுநாள் நான் உள்ள நுழையுதேன், இசக்கிதுரை நெஞ்ச நிமித்திக்கிட்டு எந்திச்சு நிக்கான். "டீச்சர், சுத்தமா மறந்துட்டேன்!" அவன் ஆயுசுல முழுசா செஞ்ச முதல் வீட்டுப்பாடம். இன்னொரு பக்கம் உலகேஸ்வரி, முதல் மார்க்கு வாங்குத பிள்ள, அது தேம்பித் தேம்பி அழுது. "என்ன பிள்ள?"ன்னா, "ராத்திரியெல்லாம் பாத்துட்டேன் டீச்சர், மறக்கவே மாட்டேங்குது"ங்குது. ஐயோ, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல.

அந்த வாரமே இசக்கிதுரை அப்பா வந்துட்டாரு. தறி ஓட்டுதவரு, தறிச் சத்தத்துல இருந்து இருந்து சாதாரணமா பேசினாலே சண்ட போடுத மாதிரி இருக்கும். "டீச்சரம்மா, நான் பிள்ளைய படிக்க அனுப்புனா நீங்க மறக்கச் சொல்லிக் குடுக்கீகளாமே? மறக்கறதுக்கு எங்க வீட்டுலயே ஆள் இருக்கு, இவன் தாத்தா!" நான் அவர உக்கார வச்சு, மூளை, நரம்பு, பூசணிக்காக் கூட்டு எல்லாம் வெளக்கினேன். அவரு எங்கூட வாதாட முடியாம எந்திச்சுப் போயிட்டாரு. புரிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்.

பொறவு காலாண்டுப் பரீட்ச வந்துச்சு. ஏ வகுப்பு அம்புட்டும் பாஸ். என் வகுப்புல... அத ஏன் கேக்கீங்க. இசக்கிதுரை காந்தியப் பத்திக் கேட்ட கேள்விக்கு பருவக்காத்த எழுதி வச்சிருந்தான். கலந்து படிக்கச் சொன்னேன்லா, கலந்துட்டான். உலகேஸ்வரியே தடுமாறிருச்சு. நான் ஒரு துளி கலங்கல. முதல்ல விழத்தான் செய்யும், பொறவு ஜிவ்வுன்னு ஏறும்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்குல்லா. ஆசிரியர் அறையில எல்லாருக்கும் அத விளக்கினேன். எல்லாரும் அவசரமா நோட்டு திருத்த ஆரம்பிச்சுட்டாக.

எங்க ஹெச்எம் எஸ்தர் மேடம் கூப்பிட்டாக. நல்ல மனுசிதான். "மங்கை, அரையாண்டு வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள பிள்ளைக எந்திக்கலன்னா பி வகுப்பையும் கோமதிநாயகம் சாருக்குக் குடுத்துருவேன். நீங்க ஆறாம் வகுப்பு பாத்துக்கிடுங்க. பொதுத்தேர்வு வருசம்மா, வெளையாட்டு இல்ல"ன்னுட்டாக.

அன்னைக்குத்தாம்மா எனக்கு பயம் வந்துச்சு. விஞ்ஞானத்து மேல சந்தேகம் வரல, அது வேற. அந்தப் பிள்ளைக எட்டாம் வகுப்புலேருந்து எங்கிட்டதான். யாரு வீட்டுல சண்ட, யாரு காலைல சாப்பிடாம வருதுன்னு முழிய வச்சே சொல்லிருவேன். இன்னும் கொஞ்ச நாள்ல பரீட்ச எழுதி வெளிய போற நேரத்துல பிடுங்கிட்டுக் குடுத்துரணுமா? அதுவும் யாருக்கு? எம்புருசனுக்கு! செவத்துக்கு அந்தப் பக்கம் என் பிள்ளைக ஆடிக்கிட்டே கோரஸ் சொல்லுத சத்தத்த நான் இங்கேருந்து கேக்கணுமா? அன்னைக்கு சாயங்காலம் அடுப்படியில நின்னு அழுதுட்டேன். ஆமா, அழுதேன். ஓன்னு அழுதேன்.

அவுக என்ன பண்ணினாகங்கீங்க? வந்து நின்னாக. பாத்தாக. இட்லியத் தின்னாக, கையக் கழுவினாக, படுத்துட்டாக. ஒரு வார்த்த ஆறுதலா சொன்னா என்ன முத்தா உதிர்ந்துரும்? மறுநாள்லேருந்து விடியுமுன்ன எந்திச்சு, "தெப்பக்குளத்தச் சுத்தி வாக்கிங் போறேன்"னு கிளம்பியாச்சு. பொண்டாட்டி வகுப்பு போகப் போகுதுன்னு நிக்கா, இவுகளுக்கு சுகர் குறையணுமாம்! எனக்கு வந்த கோவத்துக்கு காப்பியில சீனிய அள்ளிப் போட்டுக் குடுத்தேன்.

ஆனா கேளுங்க. இங்கதான் விஞ்ஞானம் நிக்கி. ஐப்பசி பிறந்துச்சோ இல்லியோ, என் பிள்ளைக எந்திக்க ஆரம்பிச்சுட்டுது! எங்கேருந்து கேட்டாலும் பதில். முதல் பிரிவேளைக்கே மூஞ்சியெல்லாம் தெளிச்சியா, காலைலயே எல்லாம் முழிச்சு உக்காந்திருக்கும். முன்னெல்லாம் முதல் பிரிவேளைன்னா பாதி கொட்டாவிதான். இசக்கிதுரைய எழுப்பி, "ஏல, வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை?"ன்னேன். அவன் கண்ண மூடினான். உதடு முணுமுணுங்குது, தலை முன்னால பின்னால ஆடுது, பொறவு டக்குன்னு ஒரு பதில் சொன்னான் பாருங்க, நான் போய் அவன் தலையக் கட்டிப் பிடிச்சுட்டேன். அந்த ஆட்டம் இருக்கே, அது நரம்பு வேல செய்யுதது. மூளைக்குள்ளேருந்து இழுக்கும்போது உடம்பு ஆடத்தான செய்யும்? வகுப்பு முழுக்க ஆடுச்சு. எனக்கு சந்தோசம் தாங்கல.

அவன் அப்பா மறுபடி வந்தாரு. இந்தத் தடவ சண்டைக்கு இல்ல. "டீச்சரம்மா, பய இப்ப நான் தறிக்குக் கிளம்புமுன்ன எந்திச்சு தெப்பக்குளத்துக்கு ஓடிருதான். கூட ஒரு கூட்டமே போகுது. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கான்"னாரு. நான் சொன்னேன், "போகட்டும்யா, குளிச்சா ரத்த ஓட்டம் நல்லா இருக்கும், மூளைக்கு நல்லது." அவரு என்னய ஒரு மாதிரியாப் பாத்தாரு. குளத்துல தண்ணி இல்லங்குதது எனக்கு அப்ப நெனப்பு வரல.

இன்னொரு அதிசயம் கேளுங்க. செவத்துக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்ல. கோரஸ் நின்னுபோச்சு! எட்டிப் பாத்தா, எங்க வீட்டு சார் மெதுவா, காதுல சொல்லுத மாதிரி, ஒவ்வொரு பிள்ளையா எழுப்பிக் கேக்காக. "யோசி. அவசரமில்ல. நான் சொல்ல மாட்டேன்." அப்படியே என் வார்த்தைம்மா! என் விஞ்ஞானம் செவத்தத் தாண்டிப் போயிருச்சு! டீக்கடைச் சண்முகையாதான் பாவம், "டீச்சர், சார் சத்தம் கேக்காம நான் ரெண்டாம் உலகப் போர்லயே நிக்கேன், பொறவு என்ன ஆச்சு?"ன்னு கேக்காரு.

அரையாண்டு முடிவு வந்துச்சு. என் வகுப்பு அம்புட்டும் பாஸ்! அம்புட்டும்! இசக்கிதுரை உள்பட! உலகேஸ்வரி ரெண்டு வகுப்புலயும் சேத்து முதல். ஏ வகுப்ப விட நாங்க ஒரு படி மேல. நான் ஆசிரியர் அறையில கும்மியடிக்காத குறை. எஸ்தர் மேடமே எந்திச்சு வந்து கையப் பிடிச்சுக்கிட்டு, "மங்கை, பி வகுப்பு உங்களுக்குத்தான். நான்தான் அவசரப்பட்டுட்டேன்"னாக. எல்லாருக்கும் வட வாங்கிக் குடுத்து, ஒருத்தர் விடாம பிடிச்சு வச்சு விளக்கினேன், எப்படி ஜெயிச்சேன்னு. எங்க வீட்டு சார் ஒரு ஓரமா நின்னு சிரிச்சாக. "என்ன சார், பொறாமையா?"ன்னேன். தலைய ஆட்டிட்டு தண்ணி குடிக்கப் போயிட்டாக. உள்ளுக்குள்ள இருக்காதா பின்ன? பொண்டாட்டி ஜெயிச்சா எந்த ஆம்பளைக்கு இனிக்கும்?

இப்ப எதுக்கு திருநெல்வேலிக்குன்னா, அவுகளுக்குத்தான். பொங்கலுக்குப் பொறவு குரலே இல்ல. வாயத் திறந்தா காத்துதான் வருது. சுக்கு, மிளகு, அதிமதுரம், எல்லாம் குடுத்துப் பாத்தாச்சு. நம்ம ஊரு டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, "தொண்டைக்குள்ள புண்ணு மாதிரி தடிச்சிருக்கு, பெரிய டாக்டர்ட்ட காட்டுங்க. ஒரு மாசம் பேசவே கூடாது"ன்னுட்டாரு. நான் சிரிச்சுட்டேன். "டாக்டர், அவுக எப்ப பேசினாக, இப்ப நிறுத்த?"ன்னேன். அவரு சிரிக்கல. "ரொம்ப சத்தம் போடுவீங்களா சார்? திறந்த வெளியில கத்துவீங்களா?"ன்னு கேக்காரு. அவுக இல்லன்னு தலைய ஆட்டினாக. நானும் சொன்னேன், "இல்ல டாக்டர், முன்னதான் கோரஸ். இப்ப அவுக வகுப்பு ஆஸ்பத்திரி மாதிரி அமைதி. நான் மாத்திட்டேன்."

என்னம்மா? என்ன கேக்கீங்க? கத்தாத மனுசனுக்கு எப்படி தொண்ட போச்சுன்னா? அதத்தான் டாக்டரும் திருப்பித் திருப்பிக் கேட்டாரு. பனியா இருக்கும்னேன். விடியுமுன்ன தெப்பக்குளத்துல...

இருங்க.

இருங்க, இருங்க. நீங்க வாயத் திறக்காதீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, உங்களுக்கு விடை தெரிஞ்சுபோச்சு. சொல்லக் கூடாது. நான் யோசிக்கேன்.

வாக்கிங் போயிட்டு வாரவுக சட்டைக் கையில வெள்ளையா தூசி இருக்கும். விபூதின்னு நெனச்சுத் துவைச்சேன். விபூதின்னா நெத்தியிலல்லா இருக்கும்... அது சாக்பீஸ்லா! தண்ணி இல்லாத குளத்துக்கு அந்தப் பயலுவ கூட்டமா எதுக்குப் போகுதுக? படிக்கட்டு... படிக்கட்டுல வரிசையா உக்காந்தா வகுப்பு மாதிரில்லா இருக்கும். ஆட்டம்! இசக்கிதுரை தலைய ஆட்டினானே! கண்ண மூடி, முதல் வரியிலேருந்து ஓடி வந்துல்லா அந்த இடத்தப் பிடிச்சிருக்கான்! நரம்பாம் நரம்பு! நான் ஒரு... ஐயோ, சிரிக்காதீங்கம்மா. சரி, சிரிங்க. நானே சிரிக்கேன், பாருங்க, கண்ணுல தண்ணி வருது.

அம்புட்டுப் பேரும் வாயத் திறக்கலயேம்மா. ஒரு பய, ஒரு பிள்ள, எங்கிட்ட மூச்சு விடலயே! சார் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருப்பாக. நாளெல்லாம் கத்த வேண்டிய தொண்டைய விடியக்காலம் என் பிள்ளைககிட்ட கத்தித் தீத்துட்டு, மிச்சம் இருக்கத வச்சுக்கிட்டு அவுக வகுப்புல காத்தா பேசியிருக்காக. நான் அத விஞ்ஞானம்னு சொல்லி ஊருக்கெல்லாம் வட வாங்கிக் குடுத்திருக்கேன்.

அப்ப என் விஞ்ஞானம் பொய்யாங்கீங்களா? அதெல்லாம் இல்ல! அவுக உள்ள தள்ளினத நான்தான வெளிய இழுத்தேன்? நடுவுல கேட்டாலும் சொல்லுச்சுகள்லா? இல்லன்னா ஏ வகுப்ப எப்படித் தாண்டும்? அத நான் விட்டுக்குடுக்க மாட்டேன், அவுகளே வந்து சொன்னாலும் சரி. ஆனா பாருங்கம்மா, வகுப்பு போச்சுன்னா அது அவுகளுக்குத்தான வந்திருக்கும்? அவுகளுக்கு வரவேண்டியத வரவிடாம பண்ண, தெனமும் விடியுமுன்ன எந்திச்சிருக்காகளே. நான் பொறாமையான்னு கேட்டேன். அம்புட்டுப் பேரு முன்னால கேட்டேன்.

இந்தாங்க, உங்க பையப் பிடிங்க. காலக் கொஞ்சம் மடக்குங்கம்மா, நான் முன்னால போறேன். அவுக பக்கத்துல ஒரு சீட்டு கிடக்கு பாருங்க. ஏ கண்டக்டர் தம்பி, "ஆம்பள சீட்டு"ன்னு கத்தாதீங்க, எம்புருசன் பக்கத்துல உக்கார நான் உங்ககிட்ட டிக்கெட்டு வாங்கணுமோ? ஓடுத வண்டியில எந்திக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், நான் டீச்சர்தான்!

எழுப்ப மாட்டேம்மா. தூங்கட்டும். தலை அந்தக் கம்பியில முட்டாம இந்தப் பக்கம் சாச்சு வச்சிக்கிடுதேன், அம்புட்டுதான். பாத்துக்கிட்டே இருங்க, திருநெல்வேலி வார வரைக்கும் இந்த மங்கையர்க்கரசி ஒரு வார்த்த பேச மாட்டா.